விண்ணப்பமும் ஒரு பாயிரமே

நூலுக்கு முகம் பாயிரம். பாயிரம் இல்லாததை நூலென்றே கொள்ளலாகாது என்னும் அளவிற்கு நம் இலக்கண ஆசிரியர்கள் அதனைப் போற்றினர். நன்னூலின் பொதுப்பாயிரத்தையும் சிறப்புப்பாயிரத்தையும் ஆண்டுதோறும் வகுப்பறையில் நடத்துகிறோம். மாணவர்களும் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். ஆயினும் அதே மாணவர் முனைவர் பட்டம் பெற்றபின், தம் ஆய்வைத் தொடர விரும்பி ஓர் ஆய்வு நிறுவனத்திற்கு விண்ணப்பம் எழுத அமரும்போது, கற்ற பாயிரம் அவருக்கு நினைவில் வருவதில்லை. வட்டாட்சியர் அலுவலகத்திற்கு எழுதும் மனுவே கைக்கு வருகின்றது. இக்குறை மாணவருடையது மட்டுமன்று. கற்பித்த நம்முடையதும் ஆகும். அதனை ஒப்புக்கொள்வதற்காகவும், தீர்வு ஒன்றைத் துறையினர்முன் வைப்பதற்காகவும் இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

ஒரு விண்ணப்பத்தின் கதை

சில ஆண்டுகளுக்கு முன்னர் எம் நெறிப்படுத்தலில் தலபுராண இலக்கியத்தை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்ற மாணவி ஒருவர், கையில் ஓர் அறிவிப்புத்தாளுடன் எம்மைக் காண வந்தார். கலை வரலாற்றில் ஆய்வு செய்வோர்க்குத் தங்குமிடமும் நூலக வசதியும் மாதந்தோறும் தொகையும் வழங்கும் நிறுவனம் ஒன்றின் அறிவிப்பு அது. அம்மாணவி திருவாரூர்ப் பகுதியினர். தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்து மேல்விதானத்தில் தீட்டப்பட்டுள்ள முசுகுந்தன் கதை ஓவியங்களைச் சிறுவயது முதலே அண்ணாந்து பார்த்து வளர்ந்தவர். ஓவியங்களின் அடியில் எழுதப்பட்டுள்ள தமிழ் வரிகளைத் தம் பாட்டிக்கு எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டியதாக அவர் பலமுறை கூறக் கேட்டிருக்கின்றோம்.

அவர் எழுதிக் கொணர்ந்த விண்ணப்பத்தில் அந்த மண்டபம் இல்லை; பாட்டியும் இல்லை. "தமிழகக் கோயில் ஓவியங்கள் – ஓர் ஆய்வு" என்பது தலைப்பு. பல்லவர் காலம் தொடங்கி இன்றுவரை உள்ள ஓவியங்கள் அனைத்தும் ஆராயப்படும் என்றிருந்தது. கலையின் பெருமை குறித்து ஒரு பக்கம், தமிழரின் தொன்மை குறித்து ஒரு பக்கம். இறுதியில், எளிய குடும்பத்தைச் சார்ந்த தமக்கு இந்நல்கையை அளித்து ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுவதாக முடித்திருந்தார். நாம் செய்தது யாது? ஒற்றுப்பிழைகளைத் திருத்தினோம். "இவர் நன்னடத்தை உடையவர், கடின உழைப்பாளி, இவர்தம் முயற்சி வெல்க" என நான்கு வரிகளில் பரிந்துரைக் கடிதம் எழுதிக் கையொப்பமிட்டோம். மூன்று திங்கள் கழித்து, விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என ஒரு வரியில் மறுமொழி வந்தது. "ஐயா, நமக்கெல்லாம் அது கிடைக்காது" என்று கூறி அவர் ஒரு தனியார் பள்ளியில் பணியில் சேர்ந்துவிட்டார்.

அவரை விலக்கியவர்கள் மீது நமக்கு வருத்தம் இல்லை. அந்த விண்ணப்பத்தை நாமே தேர்வுக்குழுவில் அமர்ந்து படித்திருப்பினும் விலக்கியே இருப்போம். தகுதியுடைய ஒருவரின் தகுதி அவருடைய விண்ணப்பத்தில் இடம்பெறாமற் போனதே நம் வருத்தம்.

உறைந்து ஆய்தல்

ஃபெலோஷிப் என வழங்கப்பெறும் நல்கைகளுள் உறைவிட ஆய்வு நல்கை தனித்தன்மை வாய்ந்தது. இது வீட்டிற்கு அனுப்பப்படும் உதவித்தொகை அன்று. ஆய்வாளர் குறித்த காலம் ஓரிடத்தில் தங்கி, அங்குள்ள நூல்களோடும் கலைப்பொருள்களோடும் சக ஆய்வாளர்களோடும் பழகித் தம் ஆய்வை எழுதி முடிக்க வேண்டும். ஆய்வாளருக்கு அளிக்கப்படுவது பணத்தினும் அரிய ஒன்று. அஃது இடையூறற்ற காலம்.

கலை வரலாற்றுத் துறையில் இத்தகைய இல்லங்கள் உலகின் பல பகுதிகளில் உள்ளன. இத்தாலிய மறுமலர்ச்சி ஓவியங்களை ஆராய்ந்த பெர்னார்டு பெரென்சன் என்னும் அறிஞர் 1959-இல் மறைந்தார். ஃபுளோரன்சு நகரின் புறத்தே அவர் வாழ்ந்த 'வில்லா இ தாத்தி' என்னும் மாளிகையையும் நூலகத்தையும் ஓவியங்களையும் தாம் பயின்ற ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்கே உரிமையாக்கினார். 1961 முதல் அம்மாளிகை மறுமலர்ச்சிக் கால ஆய்வாளர்களின் உறைவிடமாக விளங்குகின்றது. வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் 1979-இல் காட்சிக்கலைகளுக்கான உயராய்வு மையம் தோற்றுவிக்கப்பட்டது. லாஸ் ஏஞ்சல்சு நகரிலுள்ள கெட்டி ஆய்வு நிறுவனம் ஆண்டுதோறும் ஒரு பொதுப்பொருளை அறிவித்து, அதனோடு இயைந்த ஆய்வுகளை வரவேற்கும் முறையைக் கையாண்டு வருகின்றது.

நம் நாட்டில் இவ்வகைக்குச் சான்றாகச் சிம்லாவிலுள்ள இந்திய உயராய்வு நிறுவனத்தைக் கூறலாம். டாக்டர் இராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவராக இருந்தபோது, அவர்தம் எண்ணத்தின் பயனாக, பழைய வைசிராய் மாளிகை அறிஞர்களின் இல்லமாக மாற்றப்பட்டது. 1965 அக்டோபர் 20-இல் அவரே அதனைத் தொடங்கி வைத்தார். அதன் முதல் இயக்குநர் நிகார் ரஞ்சன் ராய் மௌரிய, சுங்கக் கலைகளை ஆராய்ந்த கலை வரலாற்று அறிஞர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. மாந்தவியல், சமூகவியல் துறைகள் பலவற்றோடு கலை, கைவினை பற்றிய ஆய்வுகளும் அங்கே இடம்பெறுகின்றன. ஆய்வாளர் இரண்டாண்டு வரை தங்கலாம். முடிவில் ஒரு நூலின் கையெழுத்துப்படியை ஒப்படைத்தல் வேண்டும்.

1888-இல் நிறைவுற்ற அம்மாளிகையைக் கட்டிய ஹென்றி இர்வின் நமக்கு அயலவர் அல்லர். சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்தை நிறைவு செய்தவரும், எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் 1909-இல் திறக்கப்பட்ட செந்நிற விக்டோரியா நினைவு மண்டபத்தை வடிவமைத்தவரும் அவரே. சிம்லா தொலைவிலுள்ளது என மலைக்கும் நம் மாணவர், அதனைக் கட்டியவரின் கைவண்ணத்தைச் சென்னையிலேயே நாள்தோறும் கடந்து செல்கின்றனர்.

மனுவும் பாயிரமும்

மனு எழுதுபவர் தம் இல்லாமையைக் கூறுகின்றார். அதிகாரியின் இரக்கத்தை வேண்டுகின்றார். பாயிரம் எழுதுபவர் தம்மிடம் உள்ள பொருளை அறிமுகம் செய்கின்றார். கற்றோரின் கவனத்தை வேண்டுகின்றார். ஆய்வு நல்கையின் தேர்வுக்குழு இரக்கம் காட்டுவதற்கு அமைந்ததன்று. இவ்வாண்டு தம் இல்லத்திற்கு வரவேண்டிய கேள்விகள் யாவை என்று தேடுவதே அதன் வேலை. ஆகவே விண்ணப்பம் என்பது பாயிரமே என்பது எம் கருத்து.

இது வெறும் உவமையன்று. பவணந்தியார் சிறப்புப்பாயிரத்திற்கு வகுத்த கூறுகளை ஒவ்வொன்றாக நோக்கினால், இன்றைய ஆய்வு முன்மொழிவில் தேர்வுக்குழுவினர் தேடும் செய்திகள் அவற்றுள் அடங்கியிருத்தலைக் காணலாம். நூல் செய்தவர் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, கூறப்படும் பொருள், கேட்போர், பயன் என எட்டு. காலம், களம், காரணம் எனப் பின்னும் மூன்று. எம் மாணவியின் திருவாரூர் மண்டபத்தையே சான்றாகக் கொண்டு இவற்றுள் இன்றியமையாதவற்றை விளக்குவோம்.

முதலில் பொருள். பொருள் என்பது தலைப்பன்று, வினா. தேவாசிரிய மண்டபத்து ஓவியங்கள் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியவை என ஆய்வாளர் கருதுவர். குரங்கு முகமுடைய முசுகுந்தச் சோழன் இந்திரனுக்குத் துணைநின்று, தியாகராசர் திருமேனியை ஆரூருக்குக் கொணர்ந்த கதையை அவை காட்டுகின்றன. காட்சிதோறும் விளக்க வரிகள் தமிழில் உள்ளன. சிங்காதனம் என்னும் ஓவியரின் பெயரும் அங்கே இடம்பெற்றுள்ளது. இவ்வளவும் செய்தி. இவற்றினின்று வினா எவ்வாறு பிறக்கும்? அவ்வரிகளை எழுதியவர் ஓவியரா, வேறொருவரா? எழுத்து முந்தியதா, சித்திரம் முந்தியதா? சித்திரத்தில் இல்லாததை எழுத்துக் கூறும் இடங்கள் உளவா? அண்ணாந்து பார்த்து அவற்றைப் படித்தவர் எவர்? தலபுராணம் கூறும் கதைக்கும் விதானம் கூறும் கதைக்கும் வேறுபாடு உண்டாயின், ஓவியர் கேட்ட கதை எது? 'தமிழகக் கோயில் ஓவியங்கள்' என்னும் தலைப்பில் இவற்றுள் ஒன்றுகூடப் பிறவாது. விதானத்தின் கீழ் நின்று வரிகளைப் படிக்கத் தெரிந்தவருக்கே இவை பிறக்கும்.

அடுத்தது வழி. தமக்குமுன் நடந்தவர்களை அறிந்தே ஆய்வாளர் புறப்பட வேண்டும். தமிழகச் சுவரோவிய ஆய்வின் வழி நம்மவர் நடந்த வழியே. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த இருண்ட சுற்றில், நாயக்கர் கால ஓவியப் பூச்சின் அடியில் சோழர் கால ஓவியம் மறைந்திருத்தலை 1931-இல் கண்டறிந்து உலகிற்கு அறிவித்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி. தென்னிந்திய ஓவியங்கள் குறித்து 1968-இல் நூல் வெளியிட்டவர் சி. சிவராமமூர்த்தி. முசுகுந்தன் ஓவியங்களைப் பற்றியே வி. கே. இராஜாமணியின் நிழற்படங்களோடு டேவிட் சுல்மன் எழுதிய ஆங்கில நூல் 2011-இல் வெளிவந்துள்ளது. இந்நூலைக் குறிப்பிடாத விண்ணப்பம் முதற்பார்வையிலேயே விலக்கப்படும். குறிப்பிட்டால் மட்டும் போதாது. அந்நூல் எங்கே நின்றது, நாம் எங்கிருந்து தொடங்குகிறோம் என இரண்டு தொடர்களிலேனும் கூறுதல் வேண்டும். முன்னோரை மறுப்பதில் தவறில்லை, அறியாதிருப்பதே தவறு.

எல்லை என்பது தாமே தமக்கு இட்டுக்கொள்ளும் வேலி. ஈராண்டில் ஒரு மண்டபத்தை ஆராயலாம். ஆயிரத்து நானூறு ஆண்டுகளை ஆராய இயலாது. எவற்றை ஆராயப் போவதில்லை என்று துணிந்து கூறும் ஆய்வாளரையே தேர்வுக்குழு நம்பும். யாப்பு என்பது நூலின் கட்டமைப்பு: இயல்கள் எத்தனை, எந்த இயலுக்கு எத்தனை திங்கள், படங்கள் எங்கிருந்து பெறப்படும், நிழற்படம் எடுக்க எவருடைய இசைவு வேண்டும் என்பன. கலை வரலாற்று ஆய்வில் படமே மேற்கோள். எழுத்தாய்வில் அடியொன்றை மேற்கோள் காட்டுவது போலக் கோயில் விதானத்தின் படத்தை எளிதில் எடுத்தாள இயலாது. இசைவு பெறுவதற்கே திங்கள் பல ஆகும். இதனை முன்னரே எண்ணியவர் என்பதை விண்ணப்பம் காட்டுதல் வேண்டும்.

கேட்போர் யார் என்பதையும் நம் மாணவர் எண்ணுவதில்லை. தேர்வுக்குழுவில் அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் நம் பொருளில் வல்லுநர் அல்லர். ஒருவர் தத்துவம் கற்றவராகவும், மற்றொருவர் பொருளியல் கற்றவராகவும் இருக்கலாம். முசுகுந்தன் யார் என்பதே அவர்களுக்குத் தெரியாதிருக்கக்கூடும். அவர்களும் விளங்கிக்கொள்ளுமாறும், வல்லுநர் குறைகாணாதவாறும் எழுதுவது அரிது. ஆயினும் பழகினால் கைகூடும்.

களம் என்னும் கூறு

உறைவிட நல்கைக்கு விண்ணப்பிப்போர் தனித்து எண்ண வேண்டியது களம். ஓவியம் திருவாரூரில் இருக்க, சிம்லாவில் தங்கி ஆராய்வது எற்றுக்கு? இவ்வினா தேர்வுக்குழுவின் மனத்தில் எழாமல் இராது. விடையில்லா விண்ணப்பத்தை, தங்குமிடம் வேண்டி வந்த விண்ணப்பம் என்றே அவர்கள் கருதுவர்.

விடை உண்டு. சிம்லா அமைந்துள்ள இமாசலப் பகுதி பஹாரி ஓவியங்களின் தாயகம். அந்நகரின் மாநில அருங்காட்சியகத்தில் அவ்வோவியங்கள் உள்ளன. அவற்றை வரைந்தவர் எவர் என்பது நெடுநாள் அறியப்படாதிருந்தது. பி. என். கோஸ்வாமி என்னும் அறிஞர் 1968-இல் வெளியிட்ட கட்டுரையில் புதியதொரு வழியைக் காட்டினார். ஹரித்வார் போன்ற திருத்தலங்களில் புரோகிதர்கள் வழிவழியாகப் பேணிவந்த யாத்திரிகர் பேரேடுகளில் ஓவியர்கள் தம் குடும்ப மரபைப் பதிந்து சென்றிருந்தனர். அப்பதிவுகளைக் கொண்டு, ஓவியப் பாணிக்கு அடிப்படை அரசவை அன்று, ஓவியர் குடும்பமே என அவர் நிறுவினார். குலேரைச் சேர்ந்த பண்டித சேவு, அவர்தம் மைந்தர் மானக்கு, நைன்சுக் ஆகியோரின் மரபு இவ்வாறு தெளிவுபெற்றது. பெயர் இல்லாதிருந்த ஓவியங்களுக்குப் பேரேட்டினின்று பெயர் கிடைத்தது. ஆரூரிலோ ஓவியர் பெயர் விதானத்திலேயே உள்ளது. அவர்தம் மரபை அறியும் வழியே தேடப்பட வேண்டும். களப்பணியைத் திருவாரூரில் முடித்துக்கொண்டு, கோஸ்வாமியின் முறையையும் பஹாரி ஓவியங்களையும் அருகிருந்து கற்று, ஒப்பிட்டு எழுதுவதற்குச் சிம்லாவே தகுந்த களம் என எம் மாணவி எழுதியிருப்பின், எவர் மறுத்திருப்பர்?

களத்தின் பயன் நூலகத்தோடு முடிவதன்று. கொழும்பில் பிறந்த தமிழ்க் குருதியினரான ஆனந்த குமாரசுவாமி நிலவியல் கற்றவர். இலங்கையின் கனிமவள அளவைத் துறைக்குத் தலைவராக இருந்தவர். 1917 முதல் 1947-இல் மறையும் வரை பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில், கலைப்பொருள்களின் நடுவே அமர்ந்து அவர் எழுதியவை, இந்தியக் கலையை உலகம் நோக்கும் நோக்கையே மாற்றின. பொருள்களின் அருகில் நெடுங்காலம் இருப்பதற்கு வாய்த்தால், வேறு துறை கற்றவரும் கலை வரலாற்றில் தலைமை பெறலாம். தமிழ் கற்றவர் பெற முடியாதா?

தற்புகழ்தலும் பரிந்துரையும்

"என்னைப் பற்றி நானே எவ்வாறு பெருமையாக எழுதுவேன்?" என்று கூச்சத்தோடு வினவும் மாணவர் பலர். அடக்கம் நல்ல பண்பே. தன்னைத் தான் புகழ்தல் தகாது என்றே நன்னூலும் கூறுகின்றது. ஆயின் அதனையடுத்துச் சில விலக்குகளையும் தருகின்றது. அரசவைக்கு ஓலை எழுதி விடுக்கும்போதும், தம் ஆற்றலை உணராதார் நடுவிலும் தம்மைப் புகழ்தல் குற்றமாகாது என்பது அவற்றுள் அடங்கும். நல்கைக்கு எழுதும் விண்ணப்பம் இவ்விரண்டும் ஒருங்கே பொருந்திய இடமன்றோ? எனினும் 'யான் மிகச் சிறந்த ஆய்வாளன்' என எழுதுவது புகழ்தலும் அன்று, அது வெற்றுரை. 'இம்மண்டபத்தின் விளக்க வரிகளை யான் நேரிற்கண்டு படியெடுத்துள்ளேன்' என எழுதுவதே உரிய முறையில் தம்மைக் காட்டுதல்.

தாமே கூறலாகாதவற்றைப் பிறர் கூறுவதற்காகவே பரிந்துரைக் கடிதம் கேட்கப்படுகின்றது. இதற்கும் நம் மரபில் இடமுண்டு. பாயிரம் உரைத்தற்கு உரியவராகத் தம் ஆசிரியர், தம்மோடு கற்றவர், தம் மாணாக்கர், உரைகாரர் ஆகியோரை நன்னூலார் சுட்டுகின்றார். அவருள் ஆசிரியர் முதல்வர். அம்முதல்வர் இடத்தில் நின்று நாம் எழுதியது நான்கு வரி! நன்னடத்தைச் சான்றிதழ் பள்ளி மாறுவோர்க்கு உரியது. பரிந்துரைக் கடிதம் அந்த ஆய்வின் வினா யாது, அதனை வினவ இவர் ஏன் தக்கவர், இவருடைய எழுத்தில் ஆசிரியர் கண்ட தனிச்சிறப்பு யாது என்பவற்றைக் கூற வேண்டும். அதற்கு, பரிந்துரைப்பவர் விண்ணப்பத்தை முழுவதும் படித்திருத்தல் வேண்டும். அவசரத்தில் கையொப்பம் பெறும் மாணவரும், அவசரத்தில் கையொப்பமிடும் ஆசிரியரும் ஒருவர்க்கொருவர் தீங்கு செய்துகொள்கின்றனர்.

நூற்குற்றம் பத்தும் விண்ணப்பத்திற்கும் பொருந்தும். அவற்றுள் நம் விண்ணப்பங்களில் மலிந்தவை மூன்று. தமிழின் தொன்மையைப் பேசப் புகுந்து ஆய்வுப்பொருளை மறப்பது மற்றொன்று விரித்தல். உலகக் கலையில் தொடங்கி ஊர்க் கோயிலின் பெயரோடு நின்றுவிடுவது சென்று தேய்ந்து இறுதல். 'பன்முக நோக்கில் ஆழமாக ஆராயப்படும்' என்பன போன்ற தொடர்களை அடுக்குவது வெற்றெனத் தொடுத்தல். எழுதி முடித்தபின் இம்மூன்றையும் நீக்கினால், விண்ணப்பம் பாதியாகச் சுருங்கும், வலிமை இருமடங்காகும்.

மொழியும் பிற தடைகளும்

இவையெல்லாம் சரி, ஆங்கிலத்தில் எழுத வேண்டுமே என்பர். இத்தடை உண்மையானதே, மறைப்பதற்கில்லை. ஆயினும் எம் பட்டறிவில், ஆங்கிலம் வாராமையினால் தோற்ற விண்ணப்பங்களைவிட, வினா பிறவாமையினால் தோற்றவையே மிகுதி. முதலில் தமிழிலேயே எழுதுக. வினா தமிழில் தெளிந்தபின், ஆங்கிலத் துறை நண்பரின் துணையோடு மொழிபெயர்த்துக் கொள்ளலாம். ஆங்கிலத்திலேயே எண்ணத் தொடங்கினால், படித்த ஆங்கில நூல்களின் தொடர்களே வந்து அமரும். விதானத்தின் வரிகள் வாரா. அயல்நாட்டு ஆய்வாளர் பல்லாண்டு முயன்று கற்கும் தமிழ், நம் மாணவர்க்குத் தாய்ப்பாலோடு வந்தது. அதனைக் குறையாக எண்ணி விண்ணப்பத்தில் மறைப்பது எத்துணைப் பேதைமை! நல்கை வழங்கும் நிறுவனங்களும் எழுத்து மாதிரியை இந்திய மொழிகளில் ஏற்று, சுருக்கத்தை மட்டும் ஆங்கிலத்தில் கேட்பின் நன்று என்பதையும் இங்குப் பணிவுடன் கூறுகின்றோம்.

வேறு தடைகளும் உள்ளன. வீட்டையும் குழந்தைகளையும் விட்டு மலையுச்சியில் இரண்டாண்டு தங்குவது பெண்களுக்கு எளிதன்று. குடும்பத்தாரின் துணையின்றி அது கைகூடாது. பணியிலுள்ளோர் விடுப்பும் மறுப்பின்மைச் சான்றும் பெற்றாக வேண்டும். அச்சான்று மேசைக்கு மேசை நகர்வதற்குள் இறுதிநாள் கடந்துவிடுவதும் உண்டு. இவை மாணவரால் மட்டும் தீர்க்கப்படக்கூடியன அல்ல. துறைகளும் நிருவாகமும் கைகொடுத்தே தீர்க்கப்பட வேண்டும்.

துறை செய்யத்தக்கவை

நிறைவாக மூன்று கருத்துகளைத் துறையினர்முன் வைக்கின்றோம். ஒன்று, ஆய்வு நல்கை அறிவிப்புகளைத் தொகுத்து வைக்க நூலகத்தில் ஒரு பேரேடு வேண்டும். நிறுவனங்களின் விதிகளும் தொகையும் காலந்தோறும் மாறுவன. ஆகவே அவ்வவ்வாண்டின் அறிவிப்பையே பார்த்து எழுதுதல் நலம். இரண்டு, பழங்காலத்தில் நூல்கள் அவையில் அரங்கேற்றப்பட்டது போல, ஒவ்வொரு விண்ணப்பமும் அனுப்பப்படுமுன் துறையில் அரங்கேற வேண்டும். படிப்பவர் படிக்க, கேட்போர் தடை எழுப்ப, எழுதியவர் விடை கூறட்டும். வரலாறு, ஆங்கிலம் முதலிய துறையினரையும் அவையில் அமர்த்துதல் வேண்டும். அவர்களே தேர்வுக்குழுவினரைப் போன்ற கேட்போர். மூன்று, பரிந்துரைக்கும் ஆசிரியர் அந்த அவையில் கட்டாயம் இருத்தல் வேண்டும். இவற்றிற்குப் பெருஞ்செலவு இல்லை. திங்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

ஒருமுறை விலக்கப்பட்டால் தகுதி இல்லை எனப் பொருளன்று. இடங்கள் சில, விண்ணப்பங்கள் பல. திருத்தி எழுதி மறுமுறை அனுப்புவோர் பலர் உளர். பல மண்டபங்களின் ஓவியங்கள் சுண்ணாம்புப் பூச்சின் அடியில் மறைந்தன. எஞ்சியவையும் என்றென்றும் காத்திரா. அவற்றைப் படிக்கவல்ல ஒருவர் மனு எழுதி மனம் சோர்ந்து விலகிவிட்டால், இழப்பு அவருக்கு மட்டும் உரியதன்று.

அண்மையில் அம்மாணவி மீண்டும் எம்மைக் காண வந்தார். "தேவாசிரிய மண்டபத்து ஓவியங்களில் எழுத்தும் சித்திரமும்" என்னும் தலைப்பில் புதிய விண்ணப்பம் ஒன்றை எழுதிக் கொணர்ந்திருந்தார். முதற்பத்தியில் ஒரு விதானம். அதன்கீழ் ஒரு முதியவளும், அவளுக்கு வரிகளைப் படித்துக்காட்டும் ஒரு சிறுமியும். அவ்வரிகள் எவர்க்காக எழுதப்பட்டன என்பது வினா. மூன்று மாலைகள் அமர்ந்து படித்தோம், தடை எழுப்பினோம், அவர் விடை கூறினார். இம்முறை எம் பரிந்துரைக் கடிதம் இரண்டு பக்கம் வந்தது. விண்ணப்பம் அனுப்பப்பட்டுவிட்டது, முடிவு இன்னும் வரவில்லை. எம் மாணவியின் தகுதி இம்முறை அவருடைய விண்ணப்பத்தில் இடம்பெற்றுள்ளது என்பது மட்டும் உறுதி. இதனைப் படிக்கும் ஆய்வு மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் விதானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு எழுத அமர்வாராக.